புகை உண்டு, நெருப்பு உண்டு, பட்டா யார் பேரில்?

1

மணிமேகலையில் அறவண அடிகள் அளவை இலக்கணம் சொல்லும் இடத்தில் ஒரு மலை வரும். மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம். ஏனென்றால் புகை இருக்கிறது: இது ஏது. அடுக்களையைப் போல: இது திட்டாந்தம். ‘நெருப்பில்லாமப் புகையுமா’ என்று நம் கிழவிகள் ஒரே மூச்சில் முடித்துவிடுகிற காரியம்தான்.

இந்தத் தர்க்கத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அனுமானிக்கிறவர் மலைக்கு வெளியே நிற்கிறார். அவருக்கு இருமல் வரவில்லை. நெருப்பு உண்டு என்று நிறுவியதும் அவர் வேலை முடிந்துபோகிறது. மலை யாருடையது, தீயை வைத்தது யார், புகை அடுத்து எந்த ஊருக்குள் நுழையும் என்ற கேள்விகளெல்லாம் அளவை நூலுக்கு வெளியே கிடக்கின்றன.

இன்றைக்கு அந்த இடத்தில் செயற்கைக்கோள் நிற்கிறது. டெர்ரா என்கிற நாசாவின் செயற்கைக்கோள் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றவிடப்பட்டது. ஜப்பானின் ஹிமவாரி சுமார் 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஆசியாவின் கிழக்குப் பாதியைப் படம் பிடிக்கிறது. சுமத்ராவில் கிளம்பிய புகை மலாக்கா நீரிணையைத் தாண்டிக் கோலாலம்பூருக்குப் போவதை மேசைமுன் உட்கார்ந்தபடி எவரும் பார்க்கலாம். பக்கம், ஏது, திட்டாந்தம் மூன்றும் கைவசம். ஆனால் 1997இல் தொடங்கி இன்றுவரை, இவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஒரு குற்றத்துக்குக் குற்றவாளி மட்டும் கிடைப்பது ஏன் இவ்வளவு அபூர்வமாக இருக்கிறது?

இந்தப் படங்களை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். படம் பொய் சொல்கிறது என்று நிரூபிக்கப் போவதில்லை. அது எதுவரை பேசுகிறது, எந்த இடத்தில் அதன் வாய் கட்டப்படுகிறது என்பதே கேள்வி.

2

முதலில் ஒரு படம். 1997 அக்டோபர் 22. எல் நினோ ஆண்டு, மழை பொய்த்துவிட்டது. சுமத்ராவும் போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானும் எரிந்துகொண்டிருக்கின்றன. டாம்ஸ் என்ற கருவி சேகரித்த தரவைக் கொண்டு நாசா தயாரித்த இந்தப் படம் பிறகு பல இடங்களில் மறுபடி மறுபடி அச்சானது. அதில் தீவுகளின் மேல் வெள்ளைத் திட்டு. அங்கிருந்து மேற்கே, இந்துமாக் கடலின்மேல், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நீண்டு போகும் ஒரு பெரிய நாக்கு.

பார்க்கிற கண் நேரே சிவப்புக்குப் போகும். அபாயம் அங்கேதான் என்று மனசு முடிவு கட்டிவிடும். ஆனால் படக் குறிப்பைப் படித்தால் விஷயம் வேறு. வெள்ளைதான் புகை. தீக்கு அருகிலேயே தங்கிவிட்ட துகள்கள். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் மேல்காற்று மேற்கே தள்ளிக்கொண்டுபோன ஓசோன். ஆக, ஜனங்கள் சுவாசித்துக்கொண்டிருந்த இடம் வெள்ளை; மேலே போகிற வாயு சிவப்பு. இதில் சதி ஒன்றும் இல்லை. இரண்டு அளவுகளைப் பிரித்துக் காட்ட விஞ்ஞானிகளுக்கு இரண்டு வண்ணக் கூட்டம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். புற ஊதாக் கதிரில் எடுத்த அளவுக்குச் சொந்த நிறம் கிடையாது, யாரோ கொடுத்தாக வேண்டும். கொடுத்த நிறம் அச்சுக்குப் போய்ப் பொதுப்புத்திக்குள் நுழையும்போது வேறொரு அர்த்தத்தை உற்பத்தி செய்கிறது. புவிக்கோளத்துக்கு வந்த ஆபத்தாக அது வாசிக்கப்படுகிறது. கலிமந்தானில் மூச்சுத் திணறியவர் வெள்ளைக்குள் மறைந்துபோகிறார்.

அந்த வெள்ளைக்குள் என்ன நடந்தது? சரவாக்கில் அவசரநிலை அறிவித்தார்கள். கூச்சிங்கில் காற்று மாசுக் குறியீடு 800ஐத் தாண்டியது. 300க்கு மேல் போனாலே ‘அபாயகரம்’ என்பது அந்த அளவுகோலின் கணக்கு. செப்டம்பர் 26ஆம் தேதி மேடான் நகருக்கருகே புகைக்குள் இறங்கிய கருடா விமானம் மலையில் மோதி 234 பேர் இறந்தனர். நவம்பரில் மலேசிய அரசு, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் புகை பற்றிப் பத்திரிகைகளிடம் வாய் திறக்கக் கூடாது என்றது. காரணம் சுற்றுலா.

3

சரி, கண் எப்படிப் பார்க்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘பார்வையின் அதிகாரம்’ என்று எழுதிக்கொண்டே போவது சுலபம். நம் பக்கத்து எழுத்துகளில் அது நிறையவே நடந்திருக்கிறது.

தீயையும் புகையையும் ஒரே கருவி ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. தீயைக் காண்பது அகச்சிவப்பு. சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடான ஓரிடம் தென்பட்டால் அது ‘சூட்டுப்புள்ளி’ என்று பதிவாகிறது. மோடிஸ் கருவிக்கு ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர்ச் சதுரம், அதற்குப் பின் வந்த வியர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். அந்தச் சதுரத்துக்குள் எரிவது ஒரு ஏழைக் குடியானவரின் அரை ஏக்கரா, கம்பெனித் தோட்டத்தின் விளிம்பா என்று புள்ளி சொல்லாது. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு.

புகையைக் காண்பது வேறு வழி. சூரிய ஒளியைத் துகள்கள் எவ்வளவு சிதறடிக்கின்றன, எவ்வளவு விழுங்குகின்றன என்பதை அளக்கிறார்கள். கிடைப்பது தரையிலிருந்து வானம்வரை உள்ள மொத்தத் தூணின் கணக்கு. தூணின் எந்த உயரத்தில் புகை இருக்கிறது? மூக்கின் உயரத்திலா, மூன்று கிலோமீட்டருக்கு மேலா? அதற்கு லேசர் பாய்ச்சி அடுக்கடுக்காகப் பார்க்கும் கருவி வேண்டும். 2006இல் ஏவப்பட்டு 2023வரை இயங்கிய கலிப்ஸோ அதைச் செய்தது. ஆனால் அது தன் பாதைக்கு நேர்கீழே மெல்லிய ஒரு கோடு கிழித்துப் பார்க்கும், அவ்வளவே. மிச்சத்தைக் காற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் மாதிரிகளை வைத்து நிரப்புகிறார்கள். இன்று கிள்ளானில் இருக்கிற காற்று மூன்று நாளைக்கு முன் எங்கே இருந்தது என்று பின்னோக்கி நடந்து பார்க்கிற கணக்கு அது.

இதில் எங்கே ஓட்டை? மூன்று இடங்களில்.

ஒன்று, கம்புட். சதுப்புக் காட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் தண்ணீருக்குள் படிந்த இலையும் வேரும் மரமும் சேர்ந்த மண்ணுக்கு மலாய் மொழியில் இதுதான் பெயர். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் அந்த மண்ணே விறகாகிவிடுகிறது. மேலே தீ அணைந்தாலும் கீழே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கொழுந்து இல்லாமல் புகைவதால் மேலிருந்து பார்க்கிற கண்ணுக்குப் பல சமயம் அது தீயாகவே படாது. ஆனால் மோசமான புகை அதிலிருந்துதான்.

இரண்டு, மேகம். அதைவிட வேடிக்கை, மேகம் போலாகிவிட்ட புகை. 2015இல் புகை மிக அடர்த்தியாக இருந்த இடங்களில், கணக்கிடும் நிரல் அதை மேகம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டது. அந்தக் கட்டங்கள் காலி. ஊரே கண் தெரியாமல் தடவிக்கொண்டிருக்கும்போது அட்டவணையில் ‘தரவு இல்லை’. ‘தரவு இல்லை’ என்பதைப் ‘பிரச்சினை இல்லை’ என்று படிக்க ஓர் அதிகாரிக்கு எவ்வளவு நேரமாகும்? இன்று சூட்டுப்புள்ளிகள் குறைந்துவிட்டன என்ற அறிவிப்பைக் கேட்கும்போதெல்லாம் தீ குறைந்ததா, புகை கூடியதா என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மூன்று, ஆழம். 1997 தீயில் இந்தோனேசியக் கம்புட் நிலங்களிலிருந்து வெளியேறிய கரிமம் 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன்வரை இருக்கலாம் என்று சூசன் பேஜ் குழுவினர் 2002இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஏன் இவ்வளவு அகலமான கணக்கு? எரிந்த பரப்பை வானத்திலிருந்து அளக்க முடிகிறது. மண் எத்தனை சாண் ஆழத்துக்கு எரிந்தது என்பதற்கு யாராவது கோலோடு சேற்றில் இறங்கியாக வேண்டும்.

4

அடுத்தது சொல். ஆங்கிலத்தில் இதை ‘ஹேஸ்’ என்றார்கள், மலாயில் ‘ஜெரெபு’, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘புகைமூட்டம்’. பனிமூட்டம், மேகமூட்டம் மாதிரி ஒரு மூட்டம். தானாக வரும், தானாகப் போகும். பருவநிலை அறிக்கையின் சொல் அது, போலீஸ் புகாரில் எழுதுகிற சொல் இல்லை.

ஆசியான் நாடுகள் 2002 ஜூனில் கோலாலம்பூரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பெயர் ‘எல்லை கடந்த மூட்ட மாசு’ பற்றியது. உள்ளே வரையறையைப் பிரித்தால், நிலத்தீ அல்லது காட்டுத்தீயினால் உண்டாகும் புகை என்று நேராகவே எழுதியிருக்கிறது. தலைப்பில் மூட்டம், வயிற்றுக்குள் புகை. அதை மீறினால் தண்டனை என்ன? ஒன்றுமில்லை, கலந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்ததே 2014இல்தான், பன்னிரண்டு வருஷம் கழித்து.

‘காட்டுத்தீ’ என்ற சொல்லும் இப்படித்தான். காடு தானே பற்றிக்கொண்டது போல ஒரு தொனி. 1995இல் சுகர்த்தோ ஓர் ஆணையால் மத்தியக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கப் புறப்பட்டார். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். சொல்லும்படியாக நெல் விளையவில்லை. தண்ணீர் வடிந்தது, காடு போயிற்று, 1997இல் எரிந்தது. அவர் வீழ்ந்த பிறகு திட்டத்தைக் கைகழுவினார்கள், கால்வாய்கள் அப்படியே கிடந்தன. 2015இல் அந்தப் பக்கத்து நகரமான பாலங்கா ராயாவில் மாசுக் குறியீடு 2000ஐ நெருங்கியது. இருபது வருஷம் முன்பு ஒரு கையெழுத்தால் வைத்த தீயைக் காட்டுத்தீ என்று எப்படிச் சொல்வது? 2020இல் அதே பகுதியில் மறுபடி ஓர் ‘உணவுத் தோட்ட’த் திட்டம் தொடங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5

இப்போது பட்டாவுக்கு வருவோம்.

2013 ஜூனில் சிங்கப்பூரில் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. சிங்கப்பூர் குழந்தை மாதிரி நடந்துகொள்கிறது என்றார் ஓர் இந்தோனேசிய அமைச்சர். பதினோரு மாதம் எங்கள் காட்டின் நல்ல காற்றை அனுபவித்தீர்களே, நன்றி சொன்னீர்களா என்ற பாணியில் 2015இல் துணை அதிபர் யூசுஃப் கல்லா கேட்டார். 2023 அக்டோபரில் புகை எல்லை தாண்டவே இல்லை என்றார் இந்தோனேசியச் சுற்றுச்சூழல் அமைச்சர். தாண்டியது என்றது மலேசியா. இரண்டு பக்கமும் செயற்கைக்கோள் தரவை வைத்துத்தான் பேசினார்கள். தேசத்துக்கும் தேசத்துக்கும் சண்டை என்றே பத்திரிகைகள் எழுதின.

தேசம் என்ற இந்தச் சட்டகம் யாருக்கு வசதி? எரிகிற நிலத்தில் செம்பனையும் காகித மரமும் போட்டவர்களில் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தலைமையகம் வைத்திருக்கிற முதலாளிகள். காட்டை யந்திரத்தால் திருத்துவதைவிடத் தீக்குச்சி மலிவு. லாபம் போன திசையிலேயே புகையும் போயிருக்கிறது. ஒரு வித்தியாசம், லாபத்துக்கு முகவரி இருக்கிறது.

சூட்டுப்புள்ளிக்கு அட்சரேகை தீர்க்கரேகை உண்டு. அந்த இடத்தை ஒரு பெயராக மாற்ற இன்னொரு வரைபடம் வேண்டும், எந்த நிலம் எந்தக் கம்பெனிக்குக் குத்தகை என்ற வரைபடம். முதல் வரைபடம் உலகத்துக்கே இலவசம். இரண்டாவது பூட்டிக் கிடக்கிறது. தோட்டக் குத்தகை உரிமை ஆவணங்களை வெளியிட வேண்டும் என்று 2017 மார்ச்சில் இந்தோனேசிய உச்ச நீதிமன்றமே சொன்னது. சொன்ன பிறகும் அமைச்சகம் கொடுக்கவில்லை. 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தெரிகிற ஒன்று, அலுவலக அலமாரிக்குள் இருப்பதால் தெரியாமல் போகிறது. இந்தக் காலத்து ரகசியம் வானத்தில் இல்லை, கோப்பில் இருக்கிறது.

இரண்டும் ஒட்டும்போது என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. அச்சே மாநிலத்தின் திரிபா சதுப்பை எரித்ததற்காக 2014 ஜனவரியில் பி.டி. கல்லிஸ்தா ஆலம் என்ற கம்பெனிக்கு மெயுலாபோ நீதிமன்றம் 36,600 கோடி ரூபியா விதித்தது. சூட்டுப்புள்ளிப் பதிவும் சாட்சியங்களில் ஒன்று. நிபுணர் சாட்சியம் சொன்னவர் போகோர் பல்கலைக்கழகத்தின் பம்பாங் ஹெரோ சாஹர்ஜோ. அவர் படத்தை நம்பி நின்றுவிடவில்லை. எரிந்த நிலங்களுக்கு நேரே போய்ச் சாம்பலும் மண்ணும் எடுத்துச் சோதித்து வழக்குகளில் சாட்சி சொன்னவர். 2018இல் வேறொரு கம்பெனி அவர்மேலேயே நஷ்டஈட்டு வழக்குப் போட்டது, பிறகு திரும்பப் பெற்றது.

6

நம் வட்டாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. மேலிருந்து பார்க்கிற எதைக் கண்டாலும் ஃபூக்கோவை இழுத்து, வட்டச் சிறையின் கோபுரம் என்று எழுதி முடித்துவிடுவோம். தோட்டத்துத் தமிழில் சொன்னால் வானத்துக் கங்காணி. பெரட்டில் ஆளை எண்ணிய கங்காணி மாதிரி இது நிலத்தை எண்ணுகிறது என்று வாசிக்கலாம். அந்த வாசிப்பில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தோனேசியாவின் 2009 சுற்றுச்சூழல் சட்டம் குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேர்வரை மரபு முறையில் எரித்து விதைக்க இடம் தருகிறது. அப்படியிருந்தும் 2015க்குப் பிறகு சூட்டுப்புள்ளியைத் துரத்திக்கொண்டு போன போலீஸ் தயாக் குடியானவர்களைப் பிடித்தது. குடியானவரின் பெயரைக் கண்டுபிடிக்கக் குத்தகை வரைபடம் தேவையில்லை. அவர் அங்கேயே நிற்கிறார்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நாமும் பாதி பொய் சொன்னவர்களாவோம். 1997இல் ஆய்வாளர்களின் வாயைக் கட்டிய அரசால் படத்தின் வாயைக் கட்ட முடியவில்லை. அதற்குப் பின்னும் மலேசிய அரசு மாசுக் குறியீட்டு எண்களைச் சில ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்து, 2005 ஆகஸ்டில்தான் திறந்துவிட்டது. அந்த மாதம் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை வந்தது. யார் ஊர் அது? ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் விற்றுப் போய், லயத்து வீட்டை இழந்து பக்கத்து நகரங்களில் ஒண்டிய தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வட்டாரமும்கூட. தாங்கள் சுவாசிக்கிற எண்ணைத் தாங்களே அறிய அரசாங்கத்தின் தயவு வேண்டியிருந்த ஒருவரிடம் போய் ‘செயற்கைக்கோள் என்பது அதிகாரத்தின் கண்’ என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாலங்கா ராயா மக்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 2016இல் அதிபர் உட்பட அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். புகையால் நோயுற்றவர்களுக்கு இலவச சிகிச்சை கொடு, எரிந்த நிலம் எது, உரிமம் யாருடையது என்று பகிரங்கமாக அறிவி, இப்படி எளிய கோரிக்கைகள். 2017இல் வென்றார்கள். அரசு மேலே மேலே போயிற்று. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள். 2022இல் மறுஆய்வில் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அவர்கள் கேட்டது இன்னொரு செயற்கைக்கோளை அல்ல என்பதைக் கவனியுங்கள். படம் ஏற்கெனவே இருந்தது. கேட்டது பெயரை.

7

கடைசியாக ஓர் எண்ணிக்கை.

2015 தீயில் இந்தோனேசிய அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 19 பேர். ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணிப்புப்படி மூன்று நாடுகளிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம்: இந்தோனேசியாவில் 91,600, மலேசியாவில் 6,500, சிங்கப்பூரில் 2,200. மூன்று அரசுகளின் தரப்பிலும் இதை ஏற்க மறுத்தார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த தேசங்கள் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

இந்த லட்சம் எப்படி வந்தது? தீயைச் செயற்கைக்கோள் வழியே அளந்து, அதிலிருந்து புகையைக் கணக்கிட்டு, காற்று அதை எங்கே கொண்டுபோனது என்று மாதிரியில் ஓட்டி, அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள், அவ்வளவு துகளை சுவாசித்தால் மரணம் எவ்வளவு கூடும் என்று பெருக்கிய கணக்கு. அது கணிப்புதான், எண்ணி எடுத்த கணக்கு அல்ல என்று அரசுகள் சொல்வதும் சரிதான். ஆனால் 19 என்பது எதை எண்ணியது? புகையில் மூச்சுவிட்டு மூன்றாம் வாரம் மாரடைப்பில் போன கிழவரின் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்றுதான் இருக்கும். எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் ‘புகை’ என்ற கட்டம் இல்லை. மேகம் என்று நினைத்துப் புகையை ஒதுக்கிய நிரலுக்கும் இந்தப் பதிவேட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அடர்த்தி அதிகமான இடத்தில்தான் இரண்டும் காலியாக இருக்கின்றன.

எதை எண்ணுவது என்பதும் சண்டை போட்டு வாங்கியதே. நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளைச் சிங்கப்பூர் தன் குறியீட்டுக்குள் சேர்த்தது 2014இல், மலேசியா 2018இல். அதற்கு முன்பும் அந்தத் துகள் நுரையீரலுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது என்னவென்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லி முடிக்கிறேன். படத்தை வியப்பதும் வேண்டாம், வெறுமனே சந்தேகிப்பதும் வேண்டாம். சூட்டுப்புள்ளி வரைபடத்தின்மேல் குத்தகை வரைபடத்தை வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதன்மேல் ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழாத வரைக்கும் புகை மூட்டமாகவே இருக்கும். அறவண அடிகளின் மலையில் நெருப்பு உண்டு என்று நிறுவ அடுக்களை போதுமாக இருந்தது. அடுக்களையில் யார் அடுப்பு மூட்டினார்கள் என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே யாரும் அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இங்கே கேட்டாக வேண்டும்.